கை எடுத்தாச்சு

ஆகஸ்ட் 4, திங்கள்

காற்றாலைப் பராமரிப்புப் பிரிவை எங்கள் ஐ.டி.ஐ.க்கு அனுமதித்து உத்தரவு வந்துவிட்டது. முதல்வர் எஸ்தர் மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "நயினார் சார், நீங்க போட்ட சத்தத்துக்குப் பலன் வந்துட்டு. இனியாவது மீட்டிங்ல மேசையத் தட்டாதீங்க" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் சொல்வது ஒன்றுதான். எலக்ட்ரீஷியன் பிரிவில் இன்னும் ட்யூப்லைட் சோக் இணைக்கச் சொல்லித் தருகிறோம். இந்த ஊரில் சோக் விற்கிற கடை கிடையாது. படித்து முடித்த பையன் திருநெல்வேலி ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறான். பெண் என்றால் மில் விடுதிக்குப் போகிறாள். பட்டறை ஜன்னலைத் திறந்தால் வானம் முழுக்கக் காற்றாலை. அதைப் பழுது பார்க்க எங்கிருந்தோ வேனில் ஆள் வருகிறது. நிலத்தை விற்ற எங்கள் பனையடிப்பட்டிக்காரனுக்கு அதன் அடியில் வாட்ச்மேன் வேலை. தன் நிலத்துக்கே காவல் இருந்து சம்பளம் வாங்குகிறவன் வேறு எந்த ஊரிலும் இருப்பானா தெரியவில்லை.

இனி நம் பிள்ளைகள் போவார்கள். இருபது இடம். அரசுக் கட்டணம்.

வீட்டில் சொன்னேன். அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "அப்போ நீயும் காத்தாடி மேல ஏறுவியோ?"

"நான் வாத்தியார். பாடம் நடத்துவேன்."

"அதுவும் சரிதான்" என்றார். சிரித்த மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

உத்தரவின் இரண்டாம் பக்கத்தை இன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். பாடம் நடத்துகிறவர் உயரத்தில் வேலை செய்வதற்கான பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். கோபுரத்தில் ஏறிக் காட்டினால்தான் தருவார்கள். அக்டோபர் முடிவதற்குள் வாங்காவிட்டால் பிரிவு, சேர்ந்த பிள்ளைகளோடு, மதுரைப் பக்கம் ஒரு தனியார் ஐ.டி.ஐ.க்கு மாற்றப்படும்.

எங்களிடம் இருக்கிற எலக்ட்ரிக்கல் பயிற்றுநர் இரண்டு பேர். வில்சன் சாருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. மிச்சம் நான்.

இந்த உத்தரவில் நிறைய ஓட்டை இருக்கிறது. பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். நகம் வெட்டினேன். ஒரு கைதான் என்பதால் சீக்கிரம் முடிந்துவிடும். அம்மா கோழி எடுத்திருந்தாள். நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சேர்க்கை. எதிர்பார்த்ததைவிடப் பெண்கள் அதிகம். எஸ்தர் மேடம் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: எதற்கு இந்தப் படிப்பு? பையன்கள் மனப்பாடம் செய்த மாதிரி "நல்ல எதிர்காலம் மேடம்" என்றார்கள். முத்துப்பேச்சி என்று ஒருத்தி. பன்னிரண்டாவது முடித்து நூல் மில்லில் வேலை பார்த்துவிட்டு வந்தவள்.

"மில்லுல முழு ஷிப்டும் நின்னுக்கிட்டேதான் மேடம் இருந்தேன். எப்படியும் நிக்கணும், அத மேல போய் நிப்போமேன்னு."

"பயமா இருக்காதா?"

"எங்க அப்பா ஒரு காத்தாடிக்கு வாட்ச்மேன். இத்தன வருசமா அதுக்கு அடியிலயே இருக்காரு, மேல என்ன இருக்குன்னு அவருக்கே தெரியாது. நான் பாத்துட்டு வந்து சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன்."

எஸ்தர் மேடம் என்னைப் பார்த்தார். நான் விண்ணப்பத்தைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வகுப்பு தொடங்கியது. முதல் நாள் என் பட்டறையில் எப்போதும் ஒரே பாடம்தான். மெயின் சுவிட்சைப் போடப் போகிறவர் "லைன் வருது" என்று உரக்கச் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கிற ஒவ்வொருவரும், வருகைப் பதிவு வரிசைப்படி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி "கை எடுத்தாச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். கடைசியாக நான். என் குரல் கேட்ட பிறகுதான் சுவிட்சில் விரல் படலாம். இது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. பிட்டர் பிரிவுக்காரர்கள் இதை நயினார் பஜனை என்கிறார்கள். சொல்லட்டும்.

ராஜதுரை என்கிற பையன் கையைத் தூக்கும்போது சிரித்தான். மொத்த வகுப்பையும் முதலிலிருந்து சொல்ல வைத்தேன். மறுபடியும் சிரித்தான். மறுபடியும் முதலிலிருந்து. மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

"சார், தப்பா நெனைக்காதீங்க" என்றான் ராஜதுரை. "அதான் பிரேக்கர் இருக்குல்லா. அது டிரிப் ஆயிடாதா? எதுக்கு இவ்வளவு?"

"ஒருத்தன் சொல்லாமப் போட்டுட்டான்னு வச்சுக்கோ."

"போட்டா?"

"லைன் வருது" என்றேன். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். முத்துப்பேச்சி மட்டும், கையைத் தூக்கியபடியே, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

காற்றாலை நிறுவனத்திலிருந்து பெலிக்ஸ் என்கிற பயிற்சியாளர் வந்தார். நாகர்கோவில்காரர், என் வயதுதான் இருக்கும். கோபுரத்தில் ஏறும்போது உடம்பில் மாட்டுகிற பாதுகாப்பு பெல்ட்டுகளைக் கொண்டுவந்தார். அத்தனையும் ஒரே அளவு. நல்ல உயரமான, தொப்பை உள்ள ஓர் ஆணுக்குத் தைத்தது. முத்துப்பேச்சி மாட்டிக்கொண்டபோது தோள் பட்டை முழங்கைக்கு இறங்கியது. "இதுல எங்க வீட்டு ஆட்டையும் சேத்துக் கட்டலாம் சார்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்களையும் எடுக்கிறோம் என்று போஸ்டர் அடிக்கத் தெரிகிறது. அவர்கள் உடம்பு என்ன அளவு என்று ஒருவனும் யோசிக்கவில்லை.

உடனே நிறுவனத்துக்கு மனு எழுதினேன். எல்லோருக்கும் அளவான பெல்ட் வரும்வரை யாரும் ஏறப்போவதில்லை. நானும் ஏற மாட்டேன்.

எஸ்தர் மேடம் படித்தார். "உங்களுக்கு அளவு சரியாத்தானே இருக்கு சார்?"

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கு மேடம்."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காற்று பலமாக அடிக்கிறது. இந்தக் காற்றில் யாரையும் ஏற்ற மாட்டார்கள். பெலிக்ஸே சொன்னார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அப்பாவுக்குக் குளியல், நகம். அவர் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடச் சொன்னார். ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கிற காற்றாலையைக் காட்டி, "அதுலதான ஏத்தப் போறாவ?" என்றார்.

"பிள்ளைகளை."

"அது உச்சியில இருந்து பாத்தா கழுகுமலை தெரியும்ல. நான் போஸ்ட்ல ஏறுத காலத்துலயே, வெயில் தெளிவா இருந்தா, ஒரு கோடு மாதிரி தெரியும். இந்தக் காத்தாடி எம்புட்டு உசரம். சும்மா தகதகன்னு தெரியும்."

அப்பா மின்கம்பத்தைப் பற்றிப் பேசினால் அவர் முகம் மாறிவிடும். ஏதோ கல்யாண வீட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவார். எனக்குத்தான் எரிச்சல் வரும். ஒரு கான்டிராக்டரிடம் வேலை. ஒரு மில்லுக்குப் போகிற லைன். டிரான்ஸ்பார்மர் பக்கம் நின்றவன் ஒரு வார்த்தை சொல்லாமல் சுவிட்சைப் போட்டான். அப்பா மேலே இருந்தார். இன்சூரன்ஸ் இல்லை, அவர் தங்கள் ஆளே இல்லை என்று கான்டிராக்டரும் சொன்னான், மில்லும் சொன்னது. வலது கை முழங்கைக்குக் கீழ் போயிற்று. இடுப்பு எலும்பு ஒழுங்காகச் சேரவில்லை. அன்று அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சாப்பாட்டுத் தூக்கை நான்தான் கொண்டு போனேன். கீழே நின்று "யப்பா" என்று கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார்.

நான் இதை எழுத உட்காரவில்லை. அடுத்த வாரத்துப் பாடக் குறிப்பு எழுத வேண்டும்.

செப்டம்பர் 22, திங்கள்

காற்று விழுந்துவிட்டது. சனியன்.

செப்டம்பர் 24, புதன்

பெல்ட்டுகள் வந்துவிட்டன. மூன்று அளவுகளில். மனுவுக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் வந்து நான் பார்த்ததில்லை. பெண்கள் மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடை போட்டார்கள். "சார் சண்ட போட்டு வாங்குனது" என்று பிட்டர் பிரிவுப் பையன்களிடம் பெருமையடித்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய நாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஹெல்மெட் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். பெல்ட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய அட்டை கட்டியிருந்தார்கள். கடைசி பெல்ட்டில் "நயினார் சார்". அதற்கு மட்டும் மாலை, எலுமிச்சம்பழம், இரண்டு மடங்கு சந்தனம்.

"எனக்கு எதுக்குல எலுமிச்சம்பழம்?"

"திருஷ்டி சார்" என்றான் ராஜதுரை. "புது வண்டி மாதிரி. இன்னும் ரோட்டுக்கே வரலல்லா."

சுண்டல் நன்றாக இருந்தது.

அக்டோபர் 8, புதன்

பிள்ளைகள் ஏறினார்கள். ஓடைக்கு அந்தப் பக்கத்துக் காற்றாலை. கோபுரம் ஒரு பெரிய இரும்புக் குழாய். உள்ளே நட்ட நேராக ஏணி, நடுநடுவே நிற்பதற்குத் தளம். பெலிக்ஸ் மேலே, நான் கீழே. கீழே இருந்து கண்காணிப்பதும் பொறுப்பான வேலைதான்.

உச்சிவரை போனவள் முத்துப்பேச்சி. இறங்கும்போது மூக்கில் கிரீஸ்.

"எங்க அப்பா ஒரு புள்ளி சார். நான் கை காமிச்சேன். யாரோ இஞ்சினியர்னு நெனச்சுட்டு சலாம் வச்சாரு." சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பெலிக்ஸ், "சார், உங்களுக்கு எப்ப வச்சுக்கலாம்?" என்றார்.

எனக்கு வயிறு சரியில்லை. நேற்றுச் சாப்பிட்ட புரோட்டா.

அக்டோபர் 10, வெள்ளி

ஒரகடத்தில் ஒரு கம்பெனி. கன்ட்ரோல் பேனல் பொருத்துகிற வேலை. நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தொகுப்பூதியத்தில் இந்த ஊரில் கிடந்து யாருக்கு என்ன லாபம்? யோசிக்க வேண்டிய விஷயம்.

அக்டோபர் 13, திங்கள்

பட்டறையில் ஒரு மின்விசிறி சத்தம் போட்டது. "ராஜதுரை, ஸ்டூல் எடுத்துப் போட்டு என்னன்னு பாரு" என்றேன். மோட்டார் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சி தலையைத் தூக்காமல், மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"நீங்க ஸ்டூல் மேலகூட ஏற மாட்டீங்கல்லா சார்."

"உன் வேலையப் பாரு."

"பாக்கேன் சார்." ஸ்குருவை முறுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, "மதுரைக்கு மாத்துனா எங்க வீட்டுல விட மாட்டாவ. அந்தக் கட்டணமும் கட்ட முடியாது. பழையபடி மில்லுதான். சும்மா சொன்னேன்" என்றாள்.

இணைப்பு சரியாக இருந்தது. பாராட்ட மறந்துவிட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. அம்மா முறுக்குச் சுட்டாள். தண்ணீர் மோட்டாரைப் போட நான் சுவிட்ச் பக்கம் போனேன். பழக்க தோஷம், வீட்டிலும் "லைன் வருது" என்றேன்.

கட்டிலிலிருந்து அப்பா, "ஒண்ண எப்பமோ எடுத்தாச்சு. இன்னொண்ணையும் எடுத்துட்டேன், போடுல" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். "வெளங்காத பேச்சு. நல்ல நாளும் அதுவுமா."

அவர் சிரித்தார். நான் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். ஒரகடத்துக்குப் போகலாமா என்று யோசிப்பதாகச் சொன்னேன்.

"போ. யார் வேண்டாம்னா? ஆனா அந்தக் காத்தாடியில ஒரு தடவ ஏறிட்டுப் போ."

"யப்பா, அதப் பத்திப் பேசாதீங்க."

"உசரம் என்னல செஞ்சுது? அது பாட்டுக்கு அங்கன கெடந்துது. செஞ்சவன் கீழ நின்னவன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து வெளியே போனேன். தெருவெல்லாம் வெடி. ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 22, புதன்

ஒரகடத்துக்கு வர இயலாது என்று பதில் அனுப்பினேன். காரணம் எதுவும் எழுதவில்லை. பெலிக்ஸுக்கும் போன் செய்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

வானம் மப்பாக இருந்தது. மழை வந்தால் ஒத்திப்போடுவார்கள் என்று ஒருவர் எதிர்பார்க்கலாம். வரவில்லை.

பிள்ளைகளை வரச் சொல்லவில்லை. ஆனால் காற்றாலை அடியில், வேன் நிற்கிற இடத்தில் அத்தனை பேரும் இருந்தார்கள். எஸ்தர் மேடம் குடையோடு நின்றார். "சும்மா, காத்து வாங்க வந்தோம்" என்றார். காற்றே இல்லை.

பெல்ட்டைப் பெலிக்ஸ் மாட்டிவிட்டார். அதில் இன்னும் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. குழாய்க்குள் நுழைந்தோம். உள்ளே வெளியுலகம் தெரியாது. இரும்பு வாசனை, மங்கலான விளக்கு, மேலே போகிற ஏணி. பெல்ட்டின் கொக்கி ஒரு கம்பியில் ஓடும். தவறினால் அது பிடித்துக்கொள்ளும். இதன் இயந்திரவியல் எனக்கு முழுக்கத் தெரியும். பலகையில் படம் வரைந்து விளக்கியிருக்கிறேன்.

முதல் தளம்வரை போனேன். எப்படிப் போனேன் என்று எழுத ஒன்றும் இல்லை.

இரண்டாம் தளத்துக்கு முன்னால் தேர்வின் முக்கியமான பகுதி. பெல்ட்டின் இடுப்புப் பட்டையை ஏணியில் மாட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, இரண்டு கையையும் விட வேண்டும். மேலே வேலை செய்கிறவனுக்கு இரண்டு கையும் தேவை. பெல்ட்டை நம்பத் தெரியாதவன் இன்னொருவனைக் காப்பாற்ற முடியாது.

"கைய விடுங்க சார்" என்றார் பெலிக்ஸ். எனக்கு எதிரே, பக்கத்துக் கம்பியில் தொங்கிக்கொண்டு, டீக்கடை பெஞ்சில் இருக்கிற மாதிரி இருந்தார்.

விடுகிறேன் என்று சொன்னேன். சொன்னதாகத்தான் நினைத்தேன். பெலிக்ஸ் மறுபடி சொன்னார். "பெல்ட் தாங்கும் சார். நம்புங்க." என் விரல்களைப் பார்த்தேன். அவை என்னுடையவை மாதிரி இல்லை. கம்பியைப் பற்றி வெளுத்துப்போயிருந்தன. பெலிக்ஸ் கை நீட்டி ஒரு விரலைப் பிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே பார்க்கக் கூடாது என்று தெரியும். பார்த்தேன். முதல் தளத்துத் திறப்புக்கு அடியில், கதவு வழியாக ஒரு துண்டு வெளிச்சம். அதில் அண்ணாந்து பார்க்கிற முகங்கள். நான் குனிந்து பார்க்கிறேன்.

எனக்கு அப்போது தூக்குவாளிச் சத்தம் கேட்டது. அது உருண்டு போகிற சத்தம்.

"சார், இறங்கிருவோமா?" என்றார் பெலிக்ஸ், மெதுவாக. இறங்கவும் கையை விட வேண்டும் என்பதை அவர் மறந்துவிட்டார்.

அப்போது கீழேயிருந்து முத்துப்பேச்சியின் குரல் வந்தது. பட்டறையில் சொல்கிற அதே தொனி, அதே சத்தம்.

"லைன் வருது."

முதல் குரல். "கை எடுத்தாச்சு." அடுத்தது. "கை எடுத்தாச்சு." வருகைப் பதிவு வரிசைப்படி. இரும்புக் குழாய் ஒவ்வொரு குரலையும் வாங்கி என்னைத் தாண்டி மேலே அனுப்பியது. கண்ணை மூடினாலும் எனக்கு யார் யார் என்று தெரியும். இது ராஜதுரை, சிரிக்கவில்லை. இது எப்போதும் ஜலதோஷம் பிடித்த முப்பிடாதி. வரிசையில் இல்லாத ஒரு குரலும் வந்தது, எஸ்தர் மேடம். பிறகு என் முறை.

என் பட்டறையில் என் குரல் வராமல் சுவிட்ச் போடப்பட்டதே இல்லை. ஒரு நாளும் நான் அவர்களைக் காக்க வைத்ததில்லை.

"கை எடுத்தாச்சு" என்றேன்.

என் இரண்டு கையும் தலைக்கு மேலே இருந்தன.

பெல்ட் இழுத்துப் பிடித்தது. நான் பின்னால் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தேன். பெலிக்ஸ் என்னை விட அதிகமாகப் பயந்துபோயிருந்தார் என்று நினைக்கிறேன். கீழே யாரும் கைதட்டவில்லை. அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அப்படி: கை எடுத்தாச்சு என்றால் அடுத்தது வேலை.

மேலே போனோம். பெலிக்ஸ் உச்சி மூடியைத் திறந்தார். உச்சியில் நின்றேன். சான்றிதழ் அடுத்த வாரம் வரும்.

அக்டோபர் 26, ஞாயிறு

குளியல், நகம். அப்பா காத்திருந்தார்.

"நம்ம வீடு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"மொட்டமாடியில உங்க அம்மா என்ன காயப் போட்டிருந்தா?"

"சேலை. பச்சை."

அவர் என் முகத்தையே பார்த்தார். "மழ வார மாதிரி இருக்குன்னு அன்னைக்கு அவ ஒண்ணுமே காயப் போடலல."

சுண்டு விரலில் நகவெட்டி கொஞ்சம் ஆழமாகப் பட்டுவிட்டது. அவர் சிரிப்பை அடக்கியதில் கட்டிலே ஆடியது.

நவம்பர் 3, திங்கள்

சான்றிதழ் வந்தது. பிரிவு இங்கேயே இருக்கும் என்று எழுத்தில் வாங்கிவிட்டோம். முதல் வேலையாக நிறுவனத்துக்கு அடுத்த மனு: படித்து முடிக்கிற பிள்ளைகளைக் கான்டிராக்டர் மூலம் எடுக்கக் கூடாது, நேரடி நியமனம், முதல் நாளிலிருந்து இன்சூரன்ஸ். எஸ்தர் மேடம் படித்துவிட்டு, "இதுக்கு மேசையத் தட்டணும் சார்" என்றார். தட்டுவேன்.

முத்துப்பேச்சியின் மோட்டார் இணைப்பு நன்றாக இருந்தது என்று இன்று சொன்னேன். "எந்த இணைப்பு சார்?" என்றாள். மூன்று வாரத்துக்கு முந்தையது என்றேன்.

நவம்பர் 7, வெள்ளி

பிள்ளைகளோடு மறுபடி ஏறினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. முத்துப்பேச்சி முன்னால், நான் பின்னால். பாதியில் கொஞ்சம் நின்றேன், ஷூ நாடா சரியில்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தாள்.

உச்சியில் வெயில் தெளிவாக இருந்தது. இந்தத் தடவை பார்த்தேன். கழுகுமலை வடக்கே, கோடாக இல்லை, நன்றாகவே தெரிந்தது. ஊர் கையளவு. ஓடை. எங்கள் மொட்டை மாடியில் இரண்டு போர்வை, ஒரு சிவப்புச் சேலை. வாசலில் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அப்பா வாசலுக்கு வந்து எத்தனையோ மாதம். அம்மா பக்கத்தில் நின்று மேலே காட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் கையைத் தூக்கினார். ஒரு கை. தலைக்கு மேலே, நேராக, பட்டறையில் தூக்குகிற மாதிரி.

நான் இரண்டையும் தூக்கினேன். பெல்ட் தாங்கியது.